எல்லோரும் பார்க்கும் நேரத்தில்

1

இந்தத் தீவில் தொலைக்காட்சி உரிம அலுவலகத்தைத் தன்னந்தனியாக எதிர்த்து நின்று வென்ற மனிதன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். என்னைப் பற்றி எழுதப்போகும் வரலாற்றாசிரியர்களுக்கு வேலை கொஞ்சம் குறையட்டும். கடிதம் வந்ததும் மற்றவர்கள் பயந்தார்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடினார்கள். சோபாவுக்குப் பின்னால் குனிந்தார்கள். சிலர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டில் தொலைக்காட்சியே இல்லாமல், "எதுக்கு வம்பு" என்று உரிமத்தை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். கூரைக்குக் கீழே குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் இனம் அது. அவர்களைப் பற்றிப் பின்னால் ஒரு தனிப் பகுதி எழுதுவேன்.

(எழுதவில்லை. அந்த இடத்துக்கு வந்தபோது எழுதும் தகுதி போய்விட்டிருந்தது.)

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் மாதம் ஒரு கேலிப் பத்தி எழுதுகிறேன். கான்டீன் சூப், நூலகத்தின் தானியங்கிக் கதவு, துணைவேந்தரின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கட்டியாகிவிட்டது. இந்த மாதத்துக்கு ஆள் அகப்படவில்லை. மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. "அன்புள்ள சட்டப்படியான குடியிருப்பாளருக்கு" என்று ஆரம்பித்தது.

அது நான்தான். ஹல் என்ற ஆங்கிலேய நகரத்தில் ஒரு லாண்டரிக் கடையின் மாடியில் குடியிருக்கும், இருபத்திரண்டு வயதான, சட்டப்படியான குடியிருப்பாளர். பிறந்ததிலிருந்து யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

இங்கே தொலைக்காட்சி பார்க்க வருடாவருடம் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். உங்கள் முகவரிக்கு உரிமம் இல்லை, எங்கள் அதிகாரி எந்த நாளும் உங்களைத் தேடி வரலாம், காலையோ மாலையோ ஞாயிற்றுக்கிழமையோ என்றது கடிதம். முதல் மாதம் வெள்ளைத் தாள். அடுத்த மாதம் சிவப்புக் கோடு. அதற்கடுத்த மாதம் முழுவதும் சிவப்பு. தபால் பெட்டியில் எனக்கென்று வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். யாரோ ஒருவர் என்னைத் தேடி வரப்போகிறார் என்று மாதாமாதம் எழுத்துமூலம் உறுதி தரும் ஒரே

(இந்த வாக்கியம் கேலிப் பத்தியில் பொருந்தவில்லை. நிறுத்திவிட்டேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"எட்வின் ஓய்வுபெற்ற நூலகர். அவர் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. கொள்கை. ஒருநாள் கதவு தட்டப்பட்டது. எட்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு"

எட்வினை எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஆள் இதுவரை யாருக்காகவும் காத்திருந்ததே இல்லை. கதவு தட்டப்பட்டால் திறப்பார், பேசுவார், மூடுவார், போய்ப் புத்தகம் படிப்பார். இவரை வைத்துக்கொண்டு என்ன கதை எழுத முடியும்?

இரண்டாம் முயற்சி:

"எட்வினின் வீட்டுச் சுவரில் தொலைக்காட்சியை மாட்டும் இரும்புக் கொக்கி மட்டும் இருந்தது. தொலைக்காட்சி இல்லை. அவர் ஏன் அந்தக் கொக்கியைக் கழற்றவில்லை என்றால்"

ஏன் கழற்றவில்லை? ஒரு பக்கம் யோசித்தேன். ஸ்க்ரூட்ரைவர் இல்லை என்று எழுதினேன். பொய். சமையலறை இழுப்பறையில் இரண்டு இருக்கின்றன. எட்வினுடைய இழுப்பறையில் அல்ல, என்னுடையதில்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம், நானே போயிருப்பேன்.

உரிமம் பெட்டிக்கு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நீங்கள் வீட்டில் ஏழு தொலைக்காட்சி வைத்து அவற்றின்மேல் துண்டு காயப்போடலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் உள்ளங்கை அகலமுள்ள கைபேசியில்கூட, ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் அதைப் பார்த்தால் உரிமம் வேண்டும். இதற்கு நேரலை என்று பெயர். அந்த நிகழ்ச்சி போன வருடமே எடுத்து முடித்ததாக இருக்கட்டும், அதில் வரும் கிழவர் இதற்குள் இறந்துகூடப் போயிருக்கட்டும், அதெல்லாம் கணக்கில்லை. ஊரெல்லாம் பார்க்கும் நேரத்தில் நீங்களும் பார்த்தீர்களா? அதுதான் கேள்வி. மறுநாள் தனியாக உட்கார்ந்து பார்த்தால் உரிமம் தேவையில்லை.*

ஆக, இந்த நாட்டில் தனியாக இருப்பது இலவசம். சேர்ந்து இருப்பதற்குத்தான் உரிமம்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றேன். கீழே மழையில் ஒருவர் பிளாஸ்டிக் பை நிறையப் போர்வையோடு லாண்டரிக்குள் ஓடினார். அப்புறம் திரும்பி வந்து வரியைப் பார்த்தேன். கேலிப் பத்தியில் இப்படி ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்தால், எழுதுபவனுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

* பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் மறுநாளும் உரிமம் வேண்டும். நான் பேசுவது விளம்பரம் போடும் அலைவரிசைகளைப் பற்றி. சட்டம் படிக்கும் நண்பர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எழுதுவதானால் சிவப்புத் தாள் வேண்டாம்.

4

சரி. எட்வினை நீக்கிவிட்டேன். அவர் புத்தகத்தோடு போகட்டும்.

இந்தச் சுவரில் இருந்த தொலைக்காட்சி, என்னோடு இங்கே இருந்த ரியனுடையது. உரிமம் ரியன் பெயரில் இருந்தது. கொக்கியைத் திருகி மாட்டியவளும் ரியன்தான். நான் கீழே நின்று திருகாணியைப் பற்றி ஹாஸ்யமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். வேல்ஸ் மலைப்பக்கத்தில் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவள், கால்நடை மருத்துவம் படிக்க இங்கே வந்தவள்

(ஹல்லில் கால்நடை மருத்துவம் கிடையாது. அவள் படித்தது விலங்கியல். கதையில் மருத்துவர் என்றால் நன்றாக இருக்குமே என்று கை போய்விட்டது. மன்னிக்கவும். இனி அவளைப் பற்றி உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.)

ஒரு வருடம் இந்த மாடியில் ஒன்றாக இருந்தோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு 'கல்மேல் கல்' என்று ஒரு நிகழ்ச்சி. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல், வெறும் கல்லை அடுக்கிச் சுவர் கட்டும் போட்டி. சாதாரண மனிதர்கள் வந்து கட்டுவார்கள். கட்டி முடித்ததும் ஒரு கிடா ஆட்டை அவிழ்த்துவிடுவார்கள். அது சுவரை முட்டலாம், ஏறலாம், தாண்டலாம், சும்மா புல் மேயலாம். ஆட்டுக்குப் பிறகும் சுவர் நின்றால் அடுத்த சுற்று. இந்த நாட்டின் மிகச் சிறந்த நீதிபதி அந்த ஆடுதான் என்பது ரியனின் அபிப்பிராயம்.

அவள் சாதாரணமாக மெல்லப் பேசுகிறவள். ஞாயிறு ஐந்து மணிக்கு வேறொருத்தி ஆகிவிடுவாள்.

"திருப்புடா! அந்தக் கல்ல திருப்புடா! நீளப் பக்கம் உள்ள போகணும்!"

"எந்தப் பக்கம் போனா என்ன? கல்லுதானே?"

"கல்லுதானேவா? பாரு அவன. அழகா தெரியணும்னு நீளத்த வெளிய காட்டுறான். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு பனிக்காலம் தாங்காது."

"இந்த வாக்கியத்த என் பத்தியில போட்டுக்கட்டுமா?"

"உன் மூஞ்சியில போட்டுக்கோ. பேசாம பாரு, ஆடு வருது."

படிப்பு முடிந்ததும் அவளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே, ஆட்டு மந்தைகளின் நோய்க்கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. தொலைக்காட்சியை எடுத்துக்கொண்டு போனாள். உரிமத்தையும் புது முகவரிக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டும் அவளுடையவை. அவள் குடியேறிய வீடு ஒரு மலைச்சரிவின் அடியில். கைபேசியும் எடுக்காது, இணையமும் இழுக்காது. வேலையிடத்தில் மட்டும் எடுக்கும். போன முதல் வாரம் வேலையிடத்திலிருந்து பேசினாள்.

"கீரன், ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. சொல்லு."

"இங்க ஞாயித்துக்கிழம உங்கூடப் பேச முடியாது. ஆனா கூரைமேல பழைய ஆன்டெனா இருக்கு, டிவி நல்லா வருது. நீ அங்க அஞ்சு மணிக்கு அதயே பாரு. நான் இங்க கத்துறேன். நீ அங்க கிண்டல் பண்ணு. ஒரே ரூம்ல இருக்கிற மாதிரி."

"நீ கத்துறது எனக்குக் கேக்காதே."

"தெரியும். ஆனா எப்ப கத்துவேன்னு உனக்குத் தெரியும்ல?"

நான் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த மாதப் பத்திக்கு ஆள் அகப்படாமல் இருந்தேன். 'சேர்ந்து பார்ப்போர் சங்கம்' என்று தலைப்பிட்டு எழுதினேன். அதிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன்; நான் எவ்வளவு நன்றாக எழுதுவேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்:

"இருநூறு மைல் இடைவெளியில் இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டைப் பார்த்துவிட்டு அதற்குக் காதல் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இது உண்மையானால் அந்த ஆட்டுக்கு இந்நாட்டில் இருபது லட்சம் காதல்கள் உண்டு. அடியேன் எந்தச் சங்கத்திலும் உறுப்பினரில்லை. பார்க்க வேண்டியதை எனக்கு வசதிப்பட்ட நேரத்தில், எனக்கு வசதிப்பட்ட தனிமையில் பார்த்துக்கொள்வேன்."

பத்திரிகை கல்லூரி முழுக்கப் பேசப்பட்டது. ரியனுக்கு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவளிடமிருந்து செய்தி வந்தது: "நல்லா எழுதியிருக்க."

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டைக்குப் பதில் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி. இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்தடுத்து மூன்று வேடிக்கைச் செய்திகள் அனுப்பினேன். ஒன்றுக்குச் சிரிப்பு முகம் வந்தது. மற்ற இரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஏழு வாரம்.

(இங்கே மூன்றாம் பகுதிக்கு ஒரு திருத்தம். "மறுநாள் தனியாக உட்கார்ந்து பார்த்தால்" என்று பொதுவாக எழுதியிருக்கிறேன். பொதுவாக அல்ல. திங்கட்கிழமைதோறும் வகுப்பு முடிந்து வந்து, மடிக்கணினியில் 'கல்மேல் கல்' பார்க்கிறேன். ஏழு வாரமாக. இருபத்துநான்கு மணி நேரம் தாமதமாக. எந்த இடத்தில் அவள் கத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரிகிறது. அந்த இடத்தில் நிறுத்திவைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி ஓடவிடுகிறேன். சட்டப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை.)

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். இந்த ஞாயிறு இறுதிப் போட்டி. அதன்பிறகு அடுத்த பருவம் ஒரு வருடம் கழித்துத்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இன்னும் மிச்சமிருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்பதுகூட என் ஊகம்தான்.

5

அதிகாரி வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். உலகமே எதிர்பார்த்த மோதல்.

மூன்று மாதமாக ஆயத்தமாக இருந்தேன். மாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தேன்: "உரிம அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. இப்படிக்கு, சட்டப்படியான குடியிருப்பாளர்." அவர்களுக்கு உள்ளே வர உரிமை கிடையாது; நாம் விட்டால்தான் வரலாம். ஒரு சொற்பொழிவும் மனப்பாடமாக இருந்தது. பதினோரு நிமிடம். நடுவில் சிரிப்பதற்கு மூன்று இடங்கள்.

கதவைத் திறந்தேன். ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி, தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை: நோரீன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறிவிப்பை நின்று நிதானமாக, கடைசி வரி வரை படித்தார்.

"இத எழுதுனது நீதானா கண்ணு?"

"நான்தான் மேடம்."

"கையெழுத்து நல்லாருக்கு. எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்."

இந்தத் தீவில் சட்டத்தை மறுக்கலாம், அரசரை மறுக்கலாம். வாசலில் நின்று பாத்ரூம் கேட்பவரை மறுக்க முடியாது. அப்படி மறுத்தவர் யாரும் இதுவரை இல்லை. மறுக்காதது மட்டுமல்ல, நாம்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

"மன்னிச்சுக்குங்க, இடது பக்கம். துண்டு கொஞ்சம் ஈரமா இருக்கும்," என்றேன். உரிம அலுவலகம் என் வாசலைத் தாண்டியது.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "கீழ உங்க க்ளைவ் இருக்காரே, லாண்டரிக்காரர். மழைக்கு ஒதுங்குனது தப்பா? மூணு கப் டீ ஊத்திட்டாரு. பேச்சையும் நிறுத்தல, டீயையும் நிறுத்தல."

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"உன்னப் பத்தி யாரு கேட்டா? ஞாயித்துக்கிழம அஞ்சு மணியானா மேல ஒரு பொண்ணு 'திருப்புடா, திருப்புடா'ன்னு கத்துமாம். டிரையர் ஓடுற சத்தத்தையும் தாண்டிக் கேக்குமாம். இப்ப ரொம்ப நாளா கேக்கலையாம், கட வெறிச்சோடிக் கிடக்கிற மாதிரி இருக்காம். எதத் திருப்பச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு?"

"கல்ல."

"கல்லயா?"

"கல்மேல் கல்."

"அட, அந்த ஆடு! எங்க வீட்டுக்காரர் அந்த ஆட்டுக்காகவே உக்காருவாரு. சுவர் யாரு கட்டுனான்னு கேட்டா தெரியாது." சட்டென்று தொழில் நினைவுக்கு வந்தது, பையிலிருந்து பலகைக் கணினியை எடுத்தார். "அப்போ இங்க நேரலையா பாத்திருக்கீங்க."

"அப்போ உரிமம் இருந்துச்சு மேடம். அவ பேர்ல. டிவியும் அவளோடது. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

நோரீன் சுவரைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது?"

"கழட்டணும்."

"எத்தன மாசமா?"

பதினோரு நிமிடச் சொற்பொழிவை விட்டுவிட்டு, கொக்கியில் இருந்த தூசியைத் துடைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

"சரி கண்ணு, எனக்கு இன்னும் ஒம்பது வீடு இருக்கு. இதப் படிச்சுப் பாத்துட்டு விரலால ஒரு கையெழுத்துப் போடு. 'இந்த முகவரியில் யாரும் நேரலையாகப் பார்ப்பதில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை.' போட்டா ரெண்டு வருஷத்துக்குக் கடுதாசி வராது. நானும் வர மாட்டேன். யாருமே வர மாட்டாங்க."

இதுதான் வெற்றி. தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். சொல்வதற்குப் பொய்யும் தேவையில்லை. முதல் பாதி அப்பழுக்கில்லாத உண்மை. விரலைக் கண்ணாடிமேல் வைத்தேன்.

"எண்ணத்துக்கெல்லாமா கையெழுத்துப் போடணும்?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"முதல் பாதிக்கு மட்டும் போடலாமா?"

"அது என்ன சிப்ஸா, பாதி பிளேட் வாங்க?"

"ஞாயித்துக்கிழம இறுதிப் போட்டி மேடம்."

"தெரியும். எங்க வீட்டுலயும்தான் ஓடும். நீ பாக்கப் போறியா?"

"இல்ல. திங்கக்கிழம பாப்பேன்."

"ஆடு என்ன பண்ணுச்சுன்னு பஸ்ஸுலயே எவனாவது சொல்லிடுவானே."

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வருவேன்."

"ஏழு வாரமாவா?"

நான் ஏழு வாரம் என்று அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமைகளில் மேலே கேட்கும் நிகழ்ச்சிச் சத்தத்தை க்ளைவ் எண்ணியிருக்கிறார்.

"யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றேன். அது என் குரல்தான். எனக்கே கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

நோரீன் பலகைக் கணினியை மடக்கினார். "பதினெட்டு வருஷமா கதவு தட்டுறேன். கட்டிலுக்கு அடியில டிவிய வச்சுக்கிட்டு இல்லைன்னு சத்தியம் பண்ணவங்களப் பாத்திருக்கேன். நாய ஏவி விட்டவங்களப் பாத்திருக்கேன். டிவியே இல்லாம, இல்லைன்னு சொல்றதுக்கு டைம் கேக்குறவன் நீதான்யா முதல் ஆளு."

படி இறங்கும்போது திரும்பி, "அந்த நோட்டீஸுல 'அனுமதி இல்லை'க்குக் கீழ கோடு போட்டிருக்கல்ல, அது நல்லாருக்கு," என்றார்.

இப்படித்தான் நான் வென்றேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஞாயிறு நாலே முக்கால். கதவு தட்டப்படுகிறது. இரு கைகளாலும் தொலைக்காட்சியை அணைத்தபடி ரியன் நிற்கிறாள். பார்ப்பவர் கண்ணில் நீர் கோர்க்கும். ஆனால் அந்த ஊரிலிருந்து வர மூன்று ரயில் மாற வேண்டும், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை ஓடாது. மேலும் இது ஆடுகள் குட்டி போடும் காலம், வீட்டுப் பண்ணையிலும் அவள் கை வேண்டும். அவளுக்கு மூச்சு விட நேரமிருக்காது. அவளைப் பற்றி உள்ளதை மட்டும் எழுதுவதாக உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

(ஆ) நான் அவளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறேன்: "இந்த ஞாயிறு நானும் பார்க்கிறேன்." வெள்ளிக்கிழமை மாலை வரை அவள் வேலையிடத்தில் இருப்பாள், கிடைத்துவிடும். இதை உண்மையிலேயே தட்டெழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சுருக்கமாக, அடக்கமாக, சரியான இடத்தில் 'நானும்'. நன்றாக இருந்ததால் பயம் வந்தது. இதற்கும் ஒரு பதில் வரும். என்ன பதில் என்று எனக்கு மனப்பாடம். அழித்துவிட்டேன்.

(இ) அடுத்த வாரம் நோரீனைத் தொலைபேசியில் அழைத்து, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கடிதங்கள் நின்றுபோகின்றன. இரண்டு வருடத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்று அலுவலகமே உறுதி கொடுத்த வீட்டில் நான் நிம்மதியாக வாழ்கிறேன். கச்சிதமான முடிவு, நடுவில் மூன்று இடத்தில் சிரிப்பும் வரும். பத்திரிகைக்கு இதைத்தான் அனுப்புவதாக இருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி வரை.

பத்தேகாலுக்கு வேறொன்று செய்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. க்ளைவிடம்கூட.

7

ஞாயிறு. ஐந்து இருபத்தெட்டு.

இப்போது விளம்பர இடைவேளை. இந்தப் பகுதியை இடைவேளைக்குள் எழுதுகிறேன். அழகு பார்க்க நேரமில்லை.

நேற்றிலிருந்து உரிமம் என் பெயரில் இருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சி இல்லை. மடிக்கணினியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அது சட்டப்படி ஓடுகிறது என்ற முழு நம்பிக்கையோடு, ஐந்து மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

இறுதிச் சுற்றில் இருவர். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், ஒரு பல் மருத்துவர். பல் மருத்துவர் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வைக்கிறார். தபால்காரர் வேகம். ஐந்து பதினேழுக்கு அவர் ஒரு நல்ல வெள்ளைக் கல்லை எடுத்து, நீளப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். நான் வாயைத் திறந்தேன். திங்கட்கிழமைகளில் இந்த இடத்தில் நிறுத்திவைப்பேன். இது நிற்கவில்லை. நிறுத்தவும் முடியாது. அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எழுத மாட்டேன். கீழே டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அவள் பார்க்கிறாளா? தெரியாது. ஏதாவது ஒரு கொட்டகையில், முழங்கை வரை ஈரத்தோடு, ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தபடி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கலாம். காற்றில் ஆன்டெனா சாய்ந்திருக்கலாம். அந்தப் பத்திக்குப் பிறகு இந்த நிகழ்ச்சியே அவளுக்குக் கசந்து போயிருக்கலாம். இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. சிக்னல் இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். மறுநாள் பார்க்கும்போது வரும் விளம்பரங்கள் எனக்கென்று தேர்ந்தெடுத்தவை: காலணி, முகப்பருக் களிம்பு. இப்போது வருவது ஊருக்கெல்லாம் பொதுவானது. ஒரு தரைவிரிப்பு விளம்பரம். ஒருவர் விரிப்பின்மேல் உருண்டுகொண்டே பாடுகிறார். மகா மட்டம். அவள் வீட்டிலும் பெட்டி ஓடுகிறது என்றால், இதே ஆள் இதே நொடியில் அங்கேயும் உருள்கிறார். நான் இதுவரை எந்தத் தரைவிரிப்பையும் இவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் நீங்கள் இதை வேறொரு நாளில், உங்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உரிமம் தேவையில்லை. பொறுமையாக உட்கார்ந்து எந்த முடிவையும் போட்டுக்கொள்ளலாம்: சுவர் நின்றது, விழுந்தது, ஆடு புல் மேய்ந்தது, திங்கட்கிழமை ஒரு செய்தி வந்தது, வரவில்லை. தபால்காரரின் அந்தக் கல்லை மட்டும் யாராவது திருப்பி வைத்துவிடுங்கள்.

விளம்பரம் முடிந்துவிட்டது. ஆட்டைக் கூட்டி வருகிறார்கள். அது நின்று சுவரைப் பார்க்கிறது. நான்